வெளி எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட்டேன். அதைக் கழற்றினால் விண்டோஸ் வர மறுக்கிறது

ஏரிக்கரை | சனி, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறேன். கொஞ்சம் அவசரம்.

எங்கள் வீட்டில் ஒரே லேப்டாப். அது கணவரின் டிராவல்ஸ் வேலைக்கானது. டிரிப் ஷீட், பில், டிரைவர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் கணக்கு எல்லாம் அதில்தான். விண்டோஸ் 11. ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது மறுபடி வேலைக்குப் போகலாம் என்று சர்வர் நிர்வாக வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். லினக்ஸ் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடவே மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான், எஸ்பி ரோட்டில் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் அதைப் போட ஒரு யுஎஸ்பி 3 கேஸும் வாங்கி வந்தேன்.

ஒரு வீடியோவைப் பார்த்து, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். இன்ஸ்டால் செய்யும்போது ‘சம்திங் எல்ஸ்’ தேர்ந்தெடுத்து, வெளி டிஸ்க்கில் 512 எம்பிக்கு ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி), 100 ஜிபியைக் காலியாக விட்டு மீதியில் மின்ட். பூட் லோடர் (ஓஎஸ்ஸை எழுப்பும் நிரல்) எதில் என்று கேட்ட இடத்திலும் வெளி டிஸ்க்கைத்தான் காட்டினேன். நன்றாகவே வந்தது. வேலையை முடித்து, டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைப் போட்டால் கறுப்புத் திரை, ஓரத்தில் ‘கிரப்’ என்று ஒரு வார்த்தை, ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். விண்டோஸ் இல்லை.

காலை 4 மணிக்கு ஏர்போர்ட் வண்டிக்கு டிரிப் ஷீட் எடுக்க வேண்டும். அவர் தூங்கிவிட்டார். நான் என்ன செய்வது?

---

திருகாணி | சனி, இரவு 11:01

அக்கா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் விண்டோஸ் எங்கேயும் போகவில்லை. அந்தக் கறுப்புத் திரையில் ‘எக்ஸிட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டுங்கள். பெரும்பாலும் நேராக விண்டோஸுக்குப் போய்விடும்.

போகவில்லை என்றால் ஆஃப் செய்து, ஆன் செய்த உடனே பூட் மெனு விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். டெல், லெனோவா என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஃப்9. ஏசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். வரும் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) உள்ளே போய் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட ஓஎஸ்ஸை மட்டும் எழ விடும் காவல்) மட்டும் இப்போது மாற்றாதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

---

ஏரிக்கரை | சனி, இரவு 11:10

வந்துவிட்டது! எக்ஸிட் அடித்ததுமே வந்துவிட்டது. டிரிப் ஷீட்டைத் திறந்து பார்த்தேன், எல்லாம் அப்படியே இருக்கிறது. ரொம்ப நன்றி தம்பி. கை நடுக்கம் இப்போதுதான் நின்றது.

ஆனால் எனக்குப் புரியவே இல்லை. வெளி டிஸ்க்கைத்தானே காட்டினேன்? உள் டிஸ்க்குக்கு எப்படிப் போனது?

---

முனையம் | ஞாயிறு, காலை 7:35

எலக்ட்ரானிக் சிட்டியில் சர்வர் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளி டிஸ்க்கில் இரண்டாவது ஓஎஸ் போடும் முக்கால்வாசிப் பேர் இடறும் கல் இதுதான். உங்கள் மேல் தப்பு இல்லை. நீங்கள் சரியாகத்தான் காட்டியிருக்கிறீர்கள்.

யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் புதிய வடிவம்) உள்ள கணினியில் ஓஎஸ்ஸைத் தட்டி எழுப்பும் கோப்புகள் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்ன இடத்தில் இருக்கும். அது ஃபேட்32 வகை. உங்கள் உள் டிஸ்க்கில் விண்டோஸுக்காக ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மின்ட் 22 பயன்படுத்துவது, அதற்கு அடிப்படையான உபுண்டு என்ற லினக்ஸின் பழைய இன்ஸ்டாலர். அதில் பல வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறை உண்டு: பூட் லோடருக்கு நீங்கள் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும், முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிடும். அது பெரும்பாலும் உள் டிஸ்க்கில் இருப்பது. வெளி டிஸ்க்கில் நீங்கள் ஆசையாகச் செய்த 512 எம்பி இடத்தைத் திறந்து பாருங்கள், காலியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதாவது வீடு வெளி டிஸ்க்கில், சாவி உள் டிஸ்க்கில். கழற்றியதும் லினக்ஸின் பூட் லோடரான கிரப் தன் கோப்புகளைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, அம்புக்குறியோடு நின்றுவிடுகிறது. இந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகினாலும் வராது, சாவி உங்கள் வீட்டு லேப்டாப்பிலேயே இருக்கிறது. வெளி டிஸ்க் என்றால் தன் சாவியைத் தானே சுமக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அதை வெளி டிஸ்க் என்று நான் சொல்ல மாட்டேன்.

---

ஏரிக்கரை | ஞாயிறு, காலை 8:20

திறந்து பார்த்தேன். காலிதான். ஒரு கோப்புகூட இல்லை.

அவரிடமும் சொல்லிவிட்டேன், மறைக்க மனசு வரவில்லை. ஷீட் நேரத்துக்குக் கிடைத்ததால் ஒன்றும் சொல்லவில்லை, “இன்னைக்குள்ள சரி பண்ணிடு” என்றார். எப்படிச் சரி செய்வது?

---

நெட்டிலிங்கம் | ஞாயிறு, காலை 9:05

சகோதரி, குறுக்கே வருகிறேன். லினக்ஸ் கற்கத்தான் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறதே? ஒரே கமாண்ட், உபுண்டு வந்துவிடும். டிஸ்க், பூட், பயாஸ் எதுவும் தேவையில்லை. ஒரே லேப்டாப் இருக்கும் வீட்டில், அதுவும் தொழிலுக்கு வைத்திருப்பதில், இந்தச் சோதனை தேவையா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

---

முனையம் | ஞாயிறு, காலை 9:30

நெட்டிலிங்கம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கமாண்ட் பழகவும் ஸ்கிரிப்ட் எழுதவும் டபிள்யூஎஸ்எல் போதும். ஆனால் சர்வர் நிர்வாகம் என்பது பார்ட்டிஷன், பூட், கெர்னல் அப்டேட், எது எப்போது மவுன்ட் ஆகிறது என்பதெல்லாம் சேர்ந்தது. அதையெல்லாம் டபிள்யூஎஸ்எல் உங்கள் கண்ணில் காட்டாது. நேற்று இரவு பட்ட பாட்டில் இஎஃப்ஐ பற்றி ஏரிக்கரை தெரிந்துகொண்டது எந்த வகுப்பிலும் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. வேலைக்குத் திரும்ப நினைப்பவருக்குத் தனி டிஸ்க் வேண்டும் என்பதே என் கருத்து. அதை ஒழுங்காகச் செய்துகொடுப்போம்.

ஏரிக்கரை, சரிசெய்யும் வழி. அவசரப்படாமல் வரிசையாகச் செய்யுங்கள்.

எதற்கும் முன்னால் விண்டோஸில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஓடுகிறதா என்று பாருங்கள். புதிய லேப்டாப்களில் நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டால் தானாகவே ஆன் ஆகிறது. அதன் ரெக்கவரி கீ 48 இலக்கம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப்பிலேயே கோப்பாக வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அதைத் திறக்க முடியாது. திருகாணி செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள் என்றது இதனால்தான். அதை ஆஃப் செய்தால் பிட்லாக்கர் சந்தேகப்பட்டு அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். மின்ட்டுக்கு அதை ஆஃப் செய்யவும் தேவையில்லை, செக்யூர் பூட் ஏற்கும்படி கையெழுத்திட்ட ஷிம் என்ற தொடக்கக் கோப்பு அதில் இருக்கிறது.

அப்புறம் வெளி டிஸ்க்கைச் செருகி மின்ட்டுக்குள் போங்கள். உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று மூன்று இருக்கும். மின்ட் போட்டிருந்தாலும் பெயர் உபுண்டு என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம். அந்த உபுண்டு ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கின் காலி பார்ட்டிஷனில், இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் காப்பி செய்யுங்கள். பக்கத்திலேயே பூட் என்று இன்னொரு ஃபோல்டர் செய்து, உபுண்டுவுக்குள் இருப்பதையெல்லாம் அதிலும் போடுங்கள். பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஷிம்எக்ஸ்64 கோப்பின் பெயரை மட்டும் பூட்எக்ஸ்64 என்று மாற்றுங்கள். கணினிக்கு முன்பின் தெரியாத ஒரு டிஸ்க்கைச் செருகும்போது அது தேடிப்பார்க்கும் பெயர் அது ஒன்றுதான். இரண்டு ஃபோல்டரும் வேண்டும்: பூட்டில் இருப்பது எழுப்பும், எழுந்த கிரப் தன் அமைப்புக் கோப்பை உபுண்டு ஃபோல்டரில் போய்த் தேடும்.

கடைசியாக எஃப்எஸ்டேப், அதாவது எந்தப் பார்ட்டிஷன் எங்கே இணைய வேண்டும் என்ற பட்டியல். மின்ட்டின் ஈடிசி ஃபோல்டரில் இருக்கிறது. அதில் பூட்-இஎஃப்ஐ என்ற வரியில் இருக்கும் யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) உள் டிஸ்க்குடையது. அதை வெளி டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனுடைய யுயுஐடியாக மாற்றுங்கள். பிஎல்கேஐடி என்ற கமாண்ட் இரண்டையும் காட்டும். இதை விட்டுவிட்டால் நாளைக்கு வேறு கணினியில் செருகும்போது 90 வினாடி நின்று தேடிவிட்டு அவசர நிலைத் திரையில் போய் உட்கார்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து, பூட் மெனுவில் யுஎஸ்பி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து மின்ட் வருகிறது என்று பார்த்த பிறகே உள் டிஸ்க்கில் இருக்கும் உபுண்டு ஃபோல்டரை நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் பக்கமே போக வேண்டாம். பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கட்டும்.

---

திருகாணி | ஞாயிறு, காலை 10:15

முனையம் அண்ணன் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் சிவாஜிநகரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். அடுத்து இதைச் செய்யப்போகிறவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று.

என் பெஞ்சில் வெளி டிஸ்க்கில் ஓஎஸ் போடுவதாக இருந்தால், பின்மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, உள் எம்.2 டிஸ்க்கின் ஒற்றைத் திருகை எடுத்து டிஸ்க்கையே வெளியே வைத்துவிடுவேன். இல்லாத டிஸ்க்கில் யாரும் எதையும் எழுத முடியாது. அந்தத் திருகு அரிசியில் பாதி அளவு இருக்கும், ஒரு காந்தத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி இருக்கிற லேப்டாப் என்றால் திறக்க வேண்டாம். சில லேப்டாப்பில் பயாஸிலேயே உள் டிஸ்க்கை ஆஃப் செய்ய வழி இருக்கும், அது போதும்.

இரண்டும் முடியாதவர்கள், லைவ் மின்ட்டில் (இன்ஸ்டால் செய்யாமல் யுஎஸ்பியிலிருந்து ஓடுவது) இன்ஸ்டாலரைத் திறக்கும் முன்னால் ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு இருக்கும் பூட், ஈஎஸ்பி என்ற இரண்டு கொடிகளையும் (அடையாளக் குறிகள்) எடுத்துவிடலாம். இன்ஸ்டாலர் கண்ணுக்கு அது படாது. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்தக் கொடிகளை மறக்காமல் திருப்பிப் போட வேண்டும். மறந்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

---

மாலைநேரம் | ஞாயிறு, மதியம் 1:40

இதே மாதிரி எம்1 மேக்புக்கில் வெளி எஸ்எஸ்டியில் உபுண்டு போட முடியுமா? பென் டிரைவிலேயே போட்டால் என்ன?

---

முனையம் | ஞாயிறு, மதியம் 2:05

எம்1 மேக்கில் இந்த வழி நடக்காது. வெளி டிஸ்க்கில் இன்னொரு மேக்ஓஎஸ் போடலாம், லினக்ஸை அப்படிச் செருகி எழுப்ப முடியாது. ஆப்பிளின் சிப்புக்கென்றே அசாஹி லினக்ஸ் இருக்கிறது, ஆனால் அதற்கு உள் டிஸ்க்கில் இடம் ஒதுக்கியாக வேண்டும். இன்டெல் மேக்கில் முடியும். டி2 என்ற பாதுகாப்புச் சிப் உள்ளதென்றால் முதலில் ரெக்கவரிக்குள் போய், ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி என்ற இடத்தில் வெளி டிஸ்க்கிலிருந்து எழ அனுமதி கொடுக்க வேண்டும்.

பென் டிரைவ் வேண்டாம். ஓஎஸ் ஓடும்போது நொடிக்கு நொடி சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும், பென் டிரைவ் திணறுவது அங்கேதான். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் போதும், மவுஸ் நகராது. சாட்டா எஸ்எஸ்டியை யுஎஸ்பி 3 போர்ட்டில் போட்டால் வினாடிக்கு 400 எம்பி வரை வரும். உள் டிஸ்க் இல்லை என்பதே மறந்துபோகும்.

---

விவேக்நகர்வாசி | ஞாயிறு, மாலை 4:12

எனக்கு நேர் எதிர்த் தேவை. வீட்டு கம்ப்யூட்டரில் உபுண்டு இருக்கிறது, வரி தாக்கல் சாஃப்ட்வேருக்காக மட்டும் விண்டோஸ் வேண்டும். வெளி டிஸ்க்கில் விண்டோஸ் போடலாமா? இன்ஸ்டாலர் யுஎஸ்பி டிஸ்க் என்று தெரிந்ததும் முடியாது என்கிறது.

---

திருகாணி | ஞாயிறு, மாலை 4:40

நேராகப் போட விடாது சார். முன்பு விண்டோஸ் 8-இல் ‘விண்டோஸ் டு கோ’ என்று அதற்கென்றே ஒரு வசதி வந்தது, 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். ஆனால் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் இன்னும் அந்தத் தெரிவு இருக்கிறது. யாராவது விண்டோஸ் வைத்திருப்பவரிடம் போய், ரூஃபஸில் விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பு) கொடுத்து அந்தத் தெரிவைப் போட்டால் டிஸ்க் தயாராகிவிடும். உள் டிஸ்க்குகளை விண்டோஸ் தொடாமல் தடுக்கவா என்று ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று கொடுங்கள். உங்கள் உபுண்டு பத்திரமாக இருக்கும்.

---

நெட்டிலிங்கம் | ஞாயிறு, மாலை 6:18

படிக்கிறவர்கள் பாதிப் பேர் ஐடி கம்பெனியில் இருப்பார்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து இதை ஆபீஸ் லேப்டாப்பில் முயற்சி செய்யாதீர்கள். டிஸ்க் வெளியே இருக்கிறது, உள்ளே ஒன்றும் மாறாது என்று நமக்குத் தோன்றும். பார்த்தோம் அல்லவா, ஒரு இன்ஸ்டாலர் உள்ளே எழுதிவிட்டது. நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு பையன் ராத்திரி ஷிஃப்டில் யுஎஸ்பியிலிருந்து லினக்ஸ் எழுப்பினான். மறுநாள் லேப்டாப் 48 இலக்கம் கேட்டு நின்றது. அந்தக் கீ ஐடி பிரிவிடம் மட்டும்தான். போய்க் கேட்டதும் என்ன செய்தாய் என்ற விசாரணை, எழுத்தில் எச்சரிக்கை. நல்ல வேலைக்காரன். எனக்கு இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது. தேவை என்றால் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

---

ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 9:25

முடிந்தது. இதை மின்ட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

நடுவில் ஒரு இடத்தில் மாட்டினேன். காப்பி செய்து, பெயர் மாற்றி, பூட் மெனுவில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி அதே அம்புக்குறி. வயிற்றைக் கலக்கியது. பிறகு பார்த்தால் உபுண்டு ஃபோல்டரை இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் போடாமல் வெளியே போட்டிருந்தேன். உள்ளே நகர்த்தினேன், மின்ட் எழுந்தது. கழற்றினேன், விண்டோஸ் எழுந்தது. இரண்டையும் மூன்று மூன்று தடவை செய்து பார்த்தேன். அவரையும் கூப்பிட்டு, டிஸ்க்கைக் கையில் கொடுத்து, நீங்களே ஆன் செய்யுங்கள் என்றேன். நேராக விண்டோஸ் வந்ததும் ஒன்றும் பேசாமல் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்து, “ரெண்டு டீ போடவா?” என்றார்.

48 இலக்கம் பீரோவில் இருக்கிறது.

---

ஏரிக்கரை | திங்கள், காலை 10:22

ஒரு சின்னச் சிக்கல். காலை 10:10-க்கு அவர் போட்ட பில்லில் நேரம் 4:40 என்று அச்சாகியிருக்கிறது. விண்டோஸ் கடிகாரமே அப்படித்தான் காட்டுகிறது. நான் எதையாவது கெடுத்துவிட்டேனா?

---

முனையம் | திங்கள், காலை 10:50

இல்லை. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கவனித்தீர்களா? நம் நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் உலக நேரமாக எழுதி வைக்கும். தொழில் நடப்பது விண்டோஸில் என்பதால் மின்ட்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். மின்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கமாண்டோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுங்கள். ஒருமுறை விண்டோஸில் நேரத்தைச் சரியாக்கிவிட்டால் அதன் பிறகு மாறாது.

கூடவே இன்னும் இரண்டு. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆனில் இருந்தால் அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் மின்ட்டிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறக்கக் கூடாது. உங்களுக்கு அந்த டிரைவே தேவையில்லை என்பதால் திறக்காமலே இருங்கள், அதுதான் நல்லது. இரண்டாவது, மின்ட் ஓடும்போதோ, மூடி வைத்துத் தூங்கப் போட்டிருக்கும்போதோ கேபிளைப் பிடுங்காதீர்கள். ஓஎஸ்ஸின் காலடி மண்ணையே எடுப்பது போல. லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்கிறவர் என்றால் கேஸை மூடியின் பின்பக்கம் வெல்க்ரோவில் ஒட்டிவிடுங்கள், கேபிள் ஆடாது.

---

ஏரிக்கரை | திங்கள், இரவு 8:45

நேரம் சரியாகிவிட்டது. வெல்க்ரோவும் ஒட்டியாயிற்று. மின்ட்டில் தட்டச்சுக்கான ஐபஸ்ஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, இந்தப் பதிவை அதிலேயே அடிக்கிறேன். விண்டோஸில் பழகிய விரல்கள்தான், ஒன்றும் மாறவில்லை.

நாளை வகுப்பில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரிக்கும் முறை). வீட்டில் செய்து பார்க்க இந்த டிஸ்க்கிலேயே 100 ஜிபி காலியாக விட்டிருக்கிறேன். போதுமா?

---

முனையம் | திங்கள், இரவு 9:10

தாராளம். அதை 10 ஜிபி அளவில் நாலைந்து பார்ட்டிஷனாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி டிஸ்க்காக நினைத்துப் பழகுங்கள். சேர்ப்பது, பிரிப்பது, பெரிதாக்குவது எல்லாம் செய்யலாம்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுதும் கமாண்டைக் கொடுக்கும் முன் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே அடித்து டிஸ்க்கைப் பாருங்கள். உங்கள் 500 ஜிபி அதில் 465.8 என்று தெரியும். வீட்டு லேப்டாப்பின் உள் டிஸ்க் 512 ஜிபியாக இருந்தால் 476.9 என்று தெரியும். இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அளவை நம்பாமல் பெயரைப் பாருங்கள். உள் டிஸ்க் என்விஎம்இ வகை என்றால், எஸ்டி என்று தொடங்குவது உங்களுடையது. என்விஎம்இ என்று தொடங்கினால் அவருடையது, கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள்.